நிறைகோல்

விருதுநகர் வாணிகத்தாற் பெயர் பெற்ற ஊர். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், மல்லி முதலிய பண்டங்களுக்கு அவ்வூர்ச் சந்தையில் எழும் விலையை நாளிதழ்கள் வெளியிடுதலும், பிற ஊர் வணிகர் அதனை எதிர்நோக்கியிருத்தலும் நெடுநாளைய வழக்கம். அவ்வூர்ச் சிறுவர்க்குத் துலாக்கோலின் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தட்டில் ஏறியது செல்வர் வீட்டு மூட்டையா, எளியவர் வீட்டு மூட்டையா என்று கோல் வினவுவதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியர்க்கு உவமை கூறுமிடத்து நிலம், மலை, மலர் என்பவற்றோடு நிறைகோலையும் சேர்த்தார். ஐயமற அளவு காட்டுதலும், இருபுறமும் சாயாது நடுவு நிற்றலும் ஆசிரியர்க்கு வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆயினும், மாணவன் எழுதிய விடை பருப்பு மூட்டை அன்று. கணக்கின் விடை சரியா தவறா என்று காண்பது எளிது. கட்டுரைக்கோ அத்தகைய எடைக்கல் இல்லை. ஓர் ஆசிரியர் சந்திப் பிழை கண்டவிடத்தெல்லாம் மதிப்பெண்ணைக் குறைப்பார். மற்றொருவர் கருத்தின் செறிவு கண்டு பிழையைப் பொறுப்பார். இருவரும் நேர்மையாளரே. தேர்ச்சிக்குரிய எல்லை 35 ஆக இருக்க, 33 பெற்று நிற்கும் மாணவனுக்கு இவ்வேறுபாடு ஓராண்டு வாழ்க்கையாகும்.

மதிப்பிடுவோர் யாவர் என்னும் வினா தமிழுலகிற்குப் புதியதன்று. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டு, எவருரை மெய்யுரை எனத் தம்முட் கலாய்த்த செய்தியை அந்நூலுரை கூறுகிறது. உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவனை நடுவிருத்தி, அவன் கேட்ப உரைகளை வாசித்தனர். மருதனிளநாகனார் உரைக்கு அவன் சிற்சில இடங்களிற் கண்ணீர் உகுத்தான். நக்கீரனார் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். கதையாயினும் நுட்பமுடையது. பேசாத சிறுவனிடம் எப்புலவரும் பரிந்து பேசி ஒன்றும் பெற இயலாது. அவனோ உரையை உணர வல்லவன். சார்பின்மை ஒருபால், சுவையுணர்வு ஒருபால். இரண்டும் ஒருவரிடத்தே கூடியமையால் புலவர் அனைவரும் தீர்ப்புக்கு உடன்பட்டனர்.

அச்சிறுவனைப் போன்றாரை இக்காலத்தே தேடிக் காணுதல் அரிதாகலின், தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வேறு வழி கண்டது. விடைத்தாளின் முகப்பில் உள்ள பெயரும் பதிவெண்ணும் நீக்கப்படுகின்றன. வேற்றுப் பள்ளி ஆசிரியர் விடைக்குறிப்பை அருகில் வைத்துக்கொண்டு திருத்துகின்றார். அவர் திருத்தியதைக் கூர்ந்தாய்வாளர் சரிபார்க்கின்றார். முதன்மைத் தேர்வாளர் மேற்பார்க்கின்றார். மாணவன் தன் விடைத்தாளைத் தானே கண்டு தெளிதற்கும் உரிமை உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அது பெறத்தக்கதே என உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இவ்வளவு காப்பும் ஒருமுறை நின்றுபோயிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் நடைபெற வேண்டிய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கொரோனாப் பெருந்தொற்றால் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, சூன் 9ஆம் நாள் அறவே கைவிடப்பட்டது. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றவராயினர். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளில் பெற்றவற்றிலிருந்து நூற்றுக்கு 80 பங்கும், வருகைப் பதிவிலிருந்து 20 பங்கும் கொண்டு மதிப்பெண் கணிக்கப்பட்டது. வகுப்பாசிரியர் பல திங்களுக்கு முன்னர்ச் செங்கோலால் இட்ட எண்ணே, அவர் எண்ணியிராத வகையில், மாணவனின் நிலையான சான்றிதழில் ஏறிற்று. காலாண்டில் கண்டிப்பாகத் திருத்தி, பொதுத்தேர்வுக்குள் மாணவன் திருந்துவான் என்று கருதிய ஆசிரியரின் மாணவர் தாழ்ந்தனர். ஊக்கமளிக்க வேண்டித் தாராளமாக இட்டவரின் மாணவர் உயர்ந்தனர். இருவர் செயலும் கற்பித்தற் பொருட்டு நிகழ்ந்ததேயன்றி, ஊர்களுக்கிடையே ஒப்பிடுதற்கு நிகழ்ந்ததன்று.

இதன் கடுமையைச் சிவகாசிப் பக்கத்துச் சிற்றூர்களில் வைத்து நோக்குக. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வரும். தீபாவளியை முன்னிட்டுப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலை மிகுவதும் அந்நாட்களிலேயே. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால், வீட்டில் மூத்த பெண் அடுப்பையும் தம்பி தங்கையரையும் பார்த்துப் பின்னரே பள்ளிக்கு வருவாள். சில நாள் வாராதிருப்பாள். அவளுக்கு வருகையிலும் குறைவு, காலாண்டிலும் குறைவு. மார்கழிக்குப் பின் கண்விழித்துப் படித்த படிப்பு எந்தப் பங்கிலும் சேரவில்லை.

அவளுக்கு இரங்கி ஐந்து மதிப்பெண் கூட்டியிட்டால் ஆகாதோ எனின், ஆகாது. அதே வறுமையில் இருந்து 40 பெற்ற மற்றொருத்திக்கு யார் என்ன சொல்வது? விருதுநகரிற் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் ஏழைச் சிறார்க்கு நண்பகல் உணவு அளித்தார். பசியைத் தீர்க்கும் இடம் பள்ளியின் அடுக்களையே, விடைத்தாள் அன்று. மாலையில் ஒருமணி நேரம் தனியே கற்பித்தலும், விடுபட்ட தேர்வை மீண்டும் எழுதுவித்தலும் ஆசிரியர் உரிமையில் அடங்கியவை. அவற்றை எவ்வளவு தாராளமாகவும் வழங்கலாம்.

ஆசிரியர் மதிப்பீட்டை மட்டும் நம்பாது கணக்கைக் கொண்டு அளப்போம் என்று புறப்பட்ட நாடும் உண்டு. அதே 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆசிரியர் மதிப்பீடுகளை ஒரு கணிப்பு முறையால் திருத்தினர். அம்முறை ஒவ்வொரு பள்ளியின் கடந்த ஆண்டுத் தேர்ச்சிகளையும் கருத்திற் கொண்டது. மேனிலைத் தேர்வில் ஆசிரியர் கணித்த தரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது குறைக்கப்பட்டன. முன்பு சிறவாத பள்ளியில் பயின்ற நன்மாணவன், தான் எழுதாத தேர்வில், தனக்கு முன் பயின்றாரின் குறையைச் சுமந்தான். மாணவர் கிளர்ந்தெழவே, ஆகஸ்டு 17ஆம் நாள் அரசு பின்வாங்கி, ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. அறிந்த ஆசிரியரின் சாய்வைக் காட்டிலும் அறியாத கணக்கின் சாய்வு கொடிதெனப் பெற்றோர் கருதினர் போலும்.

தமிழ்நாட்டில் 2022 மே திங்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் நடைபெற்றது. பெயர் நீக்கிய தாள்கள் முன்போலவே வேற்றுப் பள்ளி ஆசிரியர் முன் வந்தன. காலாண்டுத் தாள்கள் மட்டும் இன்றும் பெயரோடும், தெரிந்த கையெழுத்தோடும், சில வேளை அடுப்புக் கரி படிந்த விரலடையாளத்தோடும் சொந்த ஆசிரியரின் மேசைக்கு வருகின்றன.