சல்லி மாற்றப் போகும் பிள்ளைகளுக்கு

பாலாவிச் சந்தியில் பெரிய பெட்டியோடு கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கட்டுநாயக்கவில் இறங்கப்போகிறான் என்று. விசாவையும் டிக்கட்டையும் நூறு தரம் தொட்டுப் பார்ப்பான். சல்லி மாற்றும் விசயத்தை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பல வருடம் வளைகுடாவில் இருந்து வந்தவன் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

1. கடைப்பலகையில் எழுதியிருக்கும் விலையில் மயங்காதீர்கள். வாங்கும் விலை, விற்கும் விலை என்று அங்கே இரண்டு இருக்கும்; கண்ணில் படுவது பெரும்பாலும் நமக்கு உதவாத விலைதான். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “நூறு டொலர் தந்தால் எல்லாம் போகக் கையில் எவ்வளவு வரும்?” ‘கொமிஷன் இல்லை’ என்று எழுதியிருந்தால், அதை விலைக்குள்ளேயே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாலாவி போன்ற உப்பளத்து ஊர்க்காரருக்கு இது விளங்கும். ஈர உப்பை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்? முதல் பயணத்தில் நான் இறங்கிய இடத்திலேயே, முதலில் கண்ட கூண்டில், இருந்ததையெல்லாம் மாற்றினேன். அறையில் கூட இருந்தவர் கணக்குப் பார்த்துச் சொன்னார், இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போய்விட்டது என்று. விமான நிலையத்தில் டாக்சிக்கும் தண்ணிப் போத்தலுக்கும் வேண்டியதை மட்டும் மாற்றுங்கள்.

2. மூன்று இலக்கங்களை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு டொலருக்கு சவூதி ரியால் 3.75, டுபாய் திர்ஹம் 3.67, கத்தார் ரியால் 3.64. சவூதியில் 1986 முதல் அதே கணக்குத்தான். நூறு டொலருக்கு ஒருவர் 360 ரியால் நீட்டினால், 15 ரியால் எங்கே போனது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். குவைத் தினாருக்கு இது பொருந்தாது. அதை அன்றன்றைக்குப் பார்க்க வேண்டும்.

3. இலங்கை ரூபாயைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் அங்கே மாற்ற நினைக்காதீர்கள். பாஸ்போட், விசா, டிக்கட்டோடு இங்கே வங்கிக்குப் போங்கள். அல்லது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் போங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். கிழிந்த தாள், மைபட்ட தாள், முத்திரை குத்திய தாள் எதையும் ஏற்காதீர்கள். பழைய டொலரும் செல்லும் என்றுதான் அமெரிக்கா சொல்கிறது. ஆனால் அங்கே காசு மாற்றும் ஸர்ராஃபிடம் அந்த வாதம் எடுபடாது. (நம் முன்னோர் ‘சராப்பு’ என்றதும் இதே அரபுச் சொல்லைத்தான்.)

4. கார்ட் போடும்போது ‘இலங்கை ரூபாயா, ரியாலா?’ என்று மெஷின் கேட்கும். ரியாலை அமர்த்துங்கள்.

5. உண்டியல், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் வீட்டுக்குச் சல்லி அனுப்புவது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2022 தொடக்கத்தில் வங்கியில் டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. உண்டியல்காரர் கூடத் தந்தார். வீட்டுக்குக் கூடுதலாக வந்தது உண்மைதான். வங்கிக்கு வராத டொலரால்தான் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றது என்பதிலும் பாதி உண்மை உண்டு. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள்; மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. நாட்டுக் கணக்கை விடுங்கள். கைமாறிய சல்லி வந்து சேரவில்லையென்றால், எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டி யாரிடம் முறையிடுவீர்கள்?

6. ஊர் திரும்பும்போது மிஞ்சும் வெளிநாட்டுச் சல்லியை அலுமாரியில் போட்டு வைக்காதீர்கள். அடுத்த முறை நாகூருக்குப் போகும்போது ஆகும் என்று இந்தியத் தாள்களைப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. 2016 நவம்பர் 8 இரவோடு 500ம் 1000மும் செல்லாமல் போயின. குவைத்தின் பழைய வரிசைத் தாள்களும் 2015 அக்டோபரிலிருந்து கடைகளில் செல்லவில்லை. சில்லறைக் காசை இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ஒரு ரியால், இரண்டு ரியால் நாணயங்களை விமானம் ஏறுவதற்கு முன்பே தேத்தண்ணிக்கோ சதக்காப் பெட்டிக்கோ கொடுத்துவிட்டு வாருங்கள்.