வார்பரின் குளிசை எடுப்பவர்கள் கவனத்திற்கு

நமது தோட்டங்களில் இருதய வால்வு மாற்றியவர்கள், இருதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், காலில் இரத்தம் உறைந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கிளினிக்கில் 'வார்பரின்' என்ற குளிசை கொடுப்பதுண்டு. "அது எலி மருந்தாமே!" என்று லயத்தில் யாராவது சொன்னதும் பயந்து நிறுத்திவிடுவோரும் உண்டு. ஆகவே இம்முறை இக்குளிசையைப் பற்றிப் படிப்போம்.

எலி மருந்து என்பது உண்மையா?

உண்மைதான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பூஞ்சணம் பிடித்த ஒரு தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதருக்கு மருந்தாகவும் வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹவருக்கும் இதைக் கொடுத்தார்கள். வித்தியாசம் அளவில்தான். கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரும்.

கிளினிக்கைத் தவறவிடலாமா?

அளவு சரியா என்று அறிய 'ஐ.என்.ஆர்.' என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பலருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ள சிலருக்குக் கொஞ்சம் கூட வேண்டும். "கிளினிக் போனா ஒரு பேர் போயிடுமே" என்று நினைக்காதீர்கள். போன பேரை மறுநாள் உழைக்கலாம். பாரிசவாதம் வந்தால் கொழுந்து பறிக்கும் கையே போய்விடும்.

நினைவில் வைப்போம்

1. தினமும் ஒரே நேரத்தில் குடிப்போம். மறந்தால் அன்றைக்குள் எடுக்கலாம். மறுநாள் ஞாபகம் வந்தால் இரண்டையும் சேர்த்துக் குடிக்கக் கூடாது.

2. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை, கோவா ஆகியவற்றிலுள்ள விட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடுவோம்.

3. மேல்வலிக்கு டொக்டர் சொல்லாமல் கடையில் டிஸ்பிரின், புரூபன் வாங்கிக் குடிக்கக் கூடாது. நாட்டு மருந்து, சாராயம், கசிப்பும் ஆகாது. தோட்ட டிஸ்பென்சரியிலும் பல் பிடுங்கும் இடத்திலும் முதலில் கிளினிக் கொப்பியைக் காட்டுவோம்.

4. அட்டை கடித்தாலோ கவ்வாத்துக் கத்தி வெட்டினாலோ சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்போம். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

5. வெற்றிலை போடுபவர்களுக்கு முரசில் இரத்தம் வருவது தெரியாது. காலையில் வாய் கொப்பளித்துப் பார்ப்போம்.

6. மருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும். மாதம் தள்ளிப்போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆபத்தான அறிகுறிகள்

கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு இரத்தம், திடீரென்று கடும் தலைவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல். மலையில் வழுக்கித் தலை அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆபத்துத்தான். உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள்.

பிள்ளைகளே, வாசிக்கத் தெரியாத தாத்தா, அம்மாயிக்கு இதை இன்று இரவே வாசித்துக் காட்டுங்கள்.