வேர்முடிச்சு நூற்புழுக்களின் இனமும் உறவும்

தக்காளி, கத்தரி, வெண்டை முதலிய பயிர்கள் நீரும் எருவும் குறைவின்றிப் பெற்றும் வெளுத்து வாடி நிற்குமாயின், ஒரு செடியைப் பிடுங்கி வேரை நோக்குதல் வேண்டும். வேரே ஆங்காங்குப் பருத்து முடிச்சிட்டிருப்பின் அது நூற்புழுவின் செயலாகும். பயறுவகைப் பயிர்களில் நன்மை செய்யும் வேர்முண்டுகள் வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பன. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். புழுமுடிச்சோ உதிராது. இம்மட்டும் அறிந்தவுடன் பயிரை மாற்றிவிடுவோர் பலர். ஆயின், நிலத்திலுள்ள புழு எவ்வினத்தது என்று அறியாமற் செய்யும் பயிர்மாற்றம், நோயறியாமல் மருந்துண்பதை ஒக்கும்.

நூற்புழுக்களின் குலம்

நூற்புழு மண்புழுவின் உறவன்று. மண்புழுவின் உடல் பல கண்டங்களால் ஆயது. நூற்புழுவுக்கு அத்தகைய கண்டங்கள் இல்லை. அது முழுவளர்ச்சி அடையுமுன் நான்கு முறை தோலுரிக்கிறது. தோலுரிக்கும் பூச்சி, நண்டு முதலியவற்றோடு அது ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தது என்பதை 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. இதுவரை விவரிக்கப்பட்ட நூற்புழு இனங்கள் 25,000-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பல மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்வன. சில பூச்சிகளைக் கொன்று உழவர்க்கு உதவுவன.

பயிரை உண்பன யாவும் வாயில் ஈட்டி போன்ற ஊசி உடையன. ஆதலின் அவை யாவும் ஒரே கிளையின என எண்ணத் தோன்றும். 1998-ஆம் ஆண்டில் மார்க் பிளாக்ஸ்டர் முதலிய அறிஞர்கள் ஒரே மரபணுவைப் பல இனங்களில் ஒப்பிட்டு, நூற்புழுக்களை ஐந்து கிளைகளாக வகுத்தனர். பயிருண்ணும் வழக்கம் அவற்றுள் மூன்று கிளைகளில் தனித்தனியே தோன்றியதாக அதனால் விளங்கிற்று. பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகு தனித்தனியே அமைந்தது போன்றதே இதுவும். ஆகவே தோற்ற ஒற்றுமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

ஒரு பெயரில் மறைந்த பல இனங்கள்

1855-இல் இங்கிலாந்தில் வெள்ளரி வேரில் பெர்க்லி என்பவர் முடிச்சுகளைக் கண்டு எழுதினார். நம் நாட்டில் 1901-இல் நீலகிரியைச் சார்ந்த தேவாலாவில் தேயிலை வேரில் பார்பர் என்பவர் இப்புழுவைக் கண்டறிந்தார். ஆயினும் நெடுங்காலம் வேர்முடிச்சுப் புழுக்கள் யாவும் ஒரே இனமாகவே கருதப்பட்டன. ஒரு நிலத்திற் பலனளித்த பயிர்மாற்றம் மற்றொரு நிலத்திற் பலனளியாததன் காரணம் அதனால் விளங்காதிருந்தது.

1949-இல் அமெரிக்க அறிஞர் சிட்வுட், பெண்புழுவின் பின்புறத்திலுள்ள நுண்ணிய கோடுகளை ஆராய்ந்து அவற்றை வெவ்வேறு இனங்களாகப் பிரித்தார். பத்திரத்திலிடும் பெருவிரல் ரேகை ஆளைக் காட்டுவது போல் அக்கோடுகள் இனத்தைக் காட்டின. இன்காக்னிட்டா, ஜவானிக்கா, அரினேரியா, ஹாப்லா என்பன அவற்றுள் முக்கியமானவை.

இவற்றுள் இன்காக்னிட்டா நிலக்கடலையைத் தாக்குவதில்லை; ஹாப்லா தாக்கும். அரினேரியாவில் ஒரு பிரிவு தாக்கும்; மற்றொரு பிரிவு தாக்காது. பருத்தியை இன்காக்னிட்டாவின் சில பிரிவுகள் மட்டுமே தாக்கும். தக்காளியையோ நான்கும் தாக்கும். எனவே தக்காளி வேரிற் காணும் முடிச்சைக் கொண்டு இனத்தை அறிய இயலாது. முதலிற் கூறிய மூன்று இனங்களும் பழங்காலத்துக் கலப்பினாற் பிறந்த நெருங்கிய உறவினவாதலின், கோடுகளும் சிற்சில வேளைகளில் ஐயம் விளைவிக்கும். ஆகவே இந்நாளில் மரபணுச் சோதனையும் செய்யப்படுகிறது. இம்மூன்றிலும் பெண்புழு ஆணின் துணையின்றியே முட்டையிடுவதால், முடிச்சுள்ள ஒரு நாற்றே புதிய நிலத்தைக் கெடுக்கப் போதுமானது.

செய்ய வேண்டுவன

1. பயிர் நிலத்தில் நிற்கும்போதே, எட்டுப் பத்து இடங்களில் 6 முதல் 8 அங்குல ஆழத்தில் வேரும் அதைச் சூழ்ந்த ஈரமண்ணும் எடுத்துக் கலந்து பாலிதீன் பையிற் கட்டுக. வெயிலில் வைக்கலாகாது, காய்ந்தால் புழு மடிந்து சோதனை பயன்படாது.

2. சர்வே எண்ணுடன், முந்திய பருவங்களிற் பயிரிட்டவற்றையும் குறித்து அனுப்புக. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலிற் பயிர்களைச் சரிவரப் பதிவுசெய்திருப்பின் இது எளிதாகும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கெனத் தனித் துறை உண்டு.

3. இன்காக்னிட்டா மட்டும் இருப்பதாக முடிவு வரின், நிலக்கடலை ஏற்ற மாற்றுப் பயிராகும். வேறினமும் கலந்திருப்பின் அதுவே அவ்வினத்துக்கு உணவாகிவிடக்கூடும்.

4. முடிச்சுக் கண்ட நாற்றங்காலிலிருந்து ஒரு நாற்றும் எடுக்கலாகாது.

புழுவின் பெயரை ஆராய்தல் அறிஞர்க்கு மட்டும் உரிய தொழிலாகத் தோன்றலாம். அப்பெயரை முன்னரே அறிந்தவர்க்கு ஒரு பருவத்தின் விதையும் உழைப்பும் வீணாகாமல் மிஞ்சும்.