மணல்வாழ் விலாங்கிற்கு இரையளித்தல்

இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பிக் கடல்மீன் வளர்ப்போருள், மணலிற் புழை செய்து வாழும் தோட்ட விலாங்கினை வளர்க்க விழைவோரும் உளர். அதற்குத் தொட்டியில் நேரும் பேரிடர் பசியே. இரை இல்லாமையால் அன்று. இட்ட இரை அதன் வாயருகே சென்று சேராமையால் என்க.

1959-இல் அறிவியற் பெயர் பெற்ற புள்ளித் தோட்ட விலாங்கை ஈண்டு எடுத்துக்கொள்வாம். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை, பவளப்பாறைகளை யடுத்த மணற்பரப்பில் இது கூட்டங்கூட்டமாய் வாழ்கின்றது. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வரை வளரும். உடலோ விரலளவே பருமனுடையது. கூரிய வாலால் மணலைத் துளைத்துப் பின்புறமாக இறங்கி, தன் மேனியிற் சுரக்கும் பசைநீரால் புழைச்சுவரை இறுக்கிக்கொள்ளும். பின்னர் மேலுடலை மட்டும் நீட்டி, நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்துவரும் நுண்ணுயிர்களைக் கவ்வும். புழையை விட்டு வெளிப்போந்து இரை தேடுதல் அதன் இயல்பன்று.

ஆதலின், ஏனைய மீன்களுக்குப்போல் ஒருபிடி இரையை மேலிருந்து தூவின், அது அடியிற் படிந்து அழுகும், நீர் நஞ்சாகும், விலாங்கோ பட்டினி கிடக்கும். நீரோட்டம் வரும் பக்கத்தில் நீண்ட குழாய் கொண்டு இரையைச் சிறிது சிறிதாக விடுதலே முறை. ஓட்டமும் மென்மையாக இருத்தல் வேண்டும். ஒக்கினாவாவில் நிகழ்ந்து 2022-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், ஓட்டம் விரைந்தபோது இவை உடலை வளைத்துப் புழைக்குள் இழுத்துக்கொண்டமை காணப்பட்டது.

வாய் சிறிதாகலின் இரையும் சிறிதாதல் வேண்டும். துடுப்புக்காலிகளும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலும் ஏற்றவை. பின்னது நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உள்ளதே! அதன் முட்டைகள் உப்புநீரில் ஏறக்குறைய ஒருநாளிற் பொரியும். பொரித்தவுடன் அளித்தலே நன்று, நேரஞ் செல்லச் செல்லக் குஞ்சின் கருவுணவு கரைந்துவிடுமாகலின். கடலில் பகலெல்லாம் கொறித்துண்ணும் உயிருக்கு ஒருவேளை உணவு போதாது; நாளொன்றுக்கு மூன்று நான்கு முறையேனும் அளித்தல் வேண்டும். பகல் முழுதும் இல்லத்தில் இராதார் இதனை வளர்க்கப் புகாமையே நன்றென்பது எம் கருத்து.

மணல் ஒரு சாணுக்குக் குறையலாகாது. விரைந்து பாய்ந்து இரை பறிக்கும் மீன்களை உடன் விடலுமாகாது. அஞ்சிய விலாங்கு தலை நீட்டாது, நீட்டாதது உண்ணாது. 2020-இல் தோக்கியோ நகரத்துச் சுமிதா மீன்காட்சியகம் நோய்ப்பரவலால் மூடப்பட்டபோது, காண்போரின்றி வாழ்ந்த இவ்விலாங்குகள் மனிதரை மறந்து, காவலரைக் கண்டும் மணலுள் ஒளித்தன. அவற்றின் உடல்நலத்தை நோக்குதலும் அரிதாயிற்று. ஆதலின் அவ்வாண்டு மே மாதத்தில், தொலைவிலுள்ளோர் காணொளி வழியே தம் முகத்தை அவற்றிற்குக் காட்டுமாறு காட்சியகத்தார் வேண்டிக்கொண்டனர்.