யாழினிக்கு, அத்தை எழுதுவது

நியூ ஜெர்சி

அன்புள்ள யாழினி,

ஏபி இங்கிலீஷ் பரீட்சையில் 5 வாங்கிவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். ரொம்ப சந்தோஷம். கையோடு, "இனி காலேஜில் அவள் இங்கிலீஷ் பக்கமே போக வேண்டாம், ஃபீஸ் மிச்சம்" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிவு உன்னுடையதுதான். அந்த 5-க்குக் காலேஜ் தரும் க்ரெடிட்டை வாங்கிக்கொண்டால் பணம் மிச்சமாகும், கம்ப்யூட்டர் பாடம் ஒன்று கூடுதலாக எடுக்கலாம். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பரீட்சையை யோசித்துப் பார். மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் போல. எழுதியதை அடித்துத் திருத்த நேரம் ஏது? ஜூலையில் வந்தது ஓர் எண் மட்டும்தான். எந்தப் பத்தியில் வாதம் தளர்ந்தது என்று யாரும் சொல்லவில்லையே. காலேஜ் வகுப்பில் ஒரே கேள்வியை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு, லைப்ரரியில் தேடிப் படித்து எழுதுவாய். "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருவார்கள். மறுபடி எழுதுவாய். ஹார்வர்டில் 1872 முதல் எழுத்துப் பாடம் கட்டாயம். ஏபியில் 5 வாங்கியவர்களுக்கும் விலக்கு கிடையாது.

எனக்கு பி.ஏ. இலக்கியம் படிக்க எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும். "பேசத்தான் வருதே, அதை எதுக்கு மூணு வருஷம் படிக்கணும்" என்று தாத்தா இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டார். உன் அப்பாவும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பிறகு வேலையில், நான் ராப்பகலாகக் கண்டுபிடித்ததை இன்னொருவர் நறுவிசாக எழுதிக் கொடுத்துப் பேர் வாங்கினார். எழுதத் தெரிந்தவர் பேச்சுதான் சபை ஏறும், கண்ணு. வேலைக்குப் போன பிறகு உன் எழுத்தைத் திருத்த யாரும் மெனக்கெட மாட்டார்கள், பேசாமல் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். உட்கார்ந்து திருத்திக் கொடுக்க ஆள் இருப்பது இந்த நாலு வருஷம்தான்.

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எதை எடுத்தாலும் எனக்கு நீதான் செல்லம், நீ கெட்டிக்காரி, எதைத் தொட்டாலும் ஜெயிப்பாய். வரும்போது உனக்குப் பிடித்த தேன்குழல் பிழிந்து எடுத்து வருகிறேன். ஃபீஸ்தான் தடை என்றால் அந்த ஒரு வகுப்புக்கு நான் கட்டுகிறேன், அப்பாவிடம் சொல்ல வேண்டாம். ஆகஸ்டில் பெயர் பதியும் முன் ஆலோசகரை ஒரு தடவை பார்த்துப் பேசிவிடு. எனக்காக.

அன்புடன்,
அத்தை