விலை ஃபிக்ஸ்டு, ஸ்கோப் எப்படி?



இந்த வார எபிசோடில் நேரம் போதாமல் பாதியில் விட்ட கேள்வி: "ஃபிக்ஸ்டு பிரைஸ் புராஜெக்ட்ல அஜைல் சாத்தியமா?"

ஆஸ்லோ வந்த புதிதில் நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்ட்டில் ஸ்பிரிண்ட், ஸ்டாண்ட்-அப், டெமோ எல்லாம் பக்கா. ஆனால் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தேவைகள் ஒவ்வொன்றும் வரி வரியாக எழுதப்பட்டிருந்தன. "இந்த ரிப்போர்ட் வேண்டாம், அதுக்குப் பதிலா தேடல் வசதி குடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்டால், "அது சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனிக் காசு" என்பது எங்கள் பதில். கடைசியில் யாருக்கும் வேண்டாத ரிப்போர்ட்டையும் கட்டினோம். நஷ்டத்தில் முடிந்தது; என் கான்ட்ராக்டும் நீட்டிக்கப்படவில்லை. தப்பு ஸ்பிரிண்டில் இல்லை, பின்னிணைப்பில்.

ஆஸ்லோவிலேயே ஒரு பாடம்

நார்வேயின் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம், ஸ்டாடன்ஸ் பென்ஷன்ஸ்காஸ்ஸே. இதன் 'பெர்ஃபார்ம்' திட்டம் 2008 முதல் 2012 வரை நடந்தது. சுமார் 175 பேர், மூன்று வார ஸ்பிரிண்ட், மொத்தம் 12 ரிலீஸ். பென்ஷன் சீர்திருத்தம் 2011-இல் அமலுக்கு வரவேண்டும். தேதியைத் தள்ள வழியில்லை. ஆனால் திட்டம் தொடங்கியபோது புது விதிகளே முழுசாக முடிவாகவில்லை! அஜைலைத் தேர்ந்தெடுத்ததன் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட வேலைக்கு நார்வேயில் 'பிஎஸ்2000' என்ற மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. அதன் மையக் கருத்து 'இலக்கு விலை': அதிகமானாலும் மிச்சமானாலும் இரண்டு தரப்பும் பங்கு போட்டுக்கொள்வது.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். இலக்கு 1,000 மணி நேரம், மணிக்கு 1,000 குரோனர், பங்கு பாதிக்குப் பாதி.

- 1,200 மணி ஆனால்: கூடுதல் 2 லட்சத்தில் பாதிதான் கிடைக்கும். மொத்தம் 11 லட்சம். மணிக்குச் சுமார் 917.
- 800 மணியில் முடித்தால்: மிச்சத்தில் பாதி நமக்கு. மொத்தம் 9 லட்சம், மணிக்கு 1,125.

சீக்கிரம் முடிந்தால் இருவருக்கும் லாபம். அதனால் "இது உண்மையிலேயே வேணுமா?" என்று இரண்டு பக்கமும் கேட்க ஆரம்பிக்கும்.

கறாரான ஃபிக்ஸ்டு பிரைஸ் என்றால்?

இலக்கு விலைக்கு வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ளவில்லையா? அப்போதும் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

1. ஸ்கோப்பை நோக்கமாக எழுதுங்கள். "பயனர் விண்ணப்பத்தை ஆன்லைனில் முடிக்க முடியும்" போதும். எத்தனை திரை, எங்கே பட்டன் என்பதெல்லாம் பேக்லாக்கில் இருக்கட்டும்.
2. மாற்றிக்கொள்ளும் விதி. புதிதாக 8 பாயின்ட் உள்ளே வந்தால், இன்னும் தொடங்காத 8 பாயின்ட் வெளியே போகணும். விலை மாறாது. ஸ்க்ரம் முன்னோடி ஜெஃப் சதர்லேண்ட் இதை 'சேஞ்ச் ஃபார் ஃப்ரீ' என்கிறார். ஆனால் டெஸ்டிங்கை வெட்டி இடம் பிடிக்கக் கூடாது.
3. ஸ்பிரிண்ட் தோறும் ஏற்பு. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் டெமோவுக்கு வந்து ஒப்புதல் தரணும். கடைசி நாளில் மொத்தமாகச் சண்டை போடுவதை இது தவிர்க்கும்.

இரண்டாவது விதி இருந்திருந்தால், எங்கள் ரிப்போர்ட்டுக்குப் பதில் தேடல் வசதி வந்திருக்கும். சல்லிக்காசு கூடுதலாக ஆகியிருக்காது.

அடுத்த ஒப்பந்தம் கைக்கு வந்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். அதில் ஒரு வரியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால், கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!