24 கேபிக்குள் 18 ஹோல்: பெயர் போடாமல் கேம் எழுதிய ஹால் கம்பெனி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சார், 8 ஜிபி மெமரி போதுமா, 16 ஜிபி போடணுமா?" நல்ல கேள்விதான். ஆனால் மெமரி என்றால் என்ன, அது நிரம்புவது என்றால் என்ன என்று தெரியாமல் பதிலை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை. அதை விளக்க எனக்குப் பிடித்த வழி, ஜப்பானில் இருக்கும் ஒரு கேம் கம்பெனியின் கதையைச் சொல்வது. கம்பெனியின் பெயர் ஹால் லேபரட்டரி. இவர்கள் எழுதிய கேம்களை உலகம் முழுவதும் பல லட்சம் பேர் விளையாடினார்கள். ஆனால் பல வருடங்கள் அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. காரணம், அவர்கள் செய்தது ஒப்பந்த வேலை.

ஒப்பந்த வேலை என்றால், நம் ஊரில் ஜாப் ஒர்க் என்கிறோமே, அதேதான். ஒரு பெரிய கம்பெனி "எனக்கு இப்படி ஒரு கேம் வேண்டும்" என்று கேட்கும். சிறிய கம்பெனி உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும். பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தின் பெயராவது ஓரத்தில் சின்னதாக இருக்கும். இங்கே அதுகூடக் கிடையாது.

ஹால் கம்பெனி 1980 பிப்ரவரியில் டோக்கியோவில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள், ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் கம்ப்யூட்டர் பிரிவில் சந்தித்துப் பழகியவர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் என்பதே அப்போது புதிது. கடையில் வைத்திருக்கும் மெஷினில் புரோகிராம் அடித்துப் பார்க்க வார இறுதிகளில் மாணவர்கள் கூடுவார்கள். அதில் ஒருவர் சட்டோரு இவாடா. பள்ளியில் படிக்கும்போதே எச்பி 65 என்ற கால்குலேட்டரில் கேம் எழுதியவர். டோக்கியோ தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்ததும், கையில் இருந்த பணத்தோடு கடனும் வாங்கி கமடோர் பெட் என்ற கம்ப்யூட்டரை வாங்கினார். இந்தப் பெட் கம்ப்யூட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஹால் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஐ.பி.எம். என்பதற்கு ஒவ்வொரு எழுத்துக்கும் முந்தைய எழுத்தை எடுத்தால் எச்.ஏ.எல். வரும். அதாவது ஐ.பி.எம்.முக்கு ஒரு படி முன்னால். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள கம்பெனிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்!

இவாடா முதலில் பகுதி நேரமாக வேலை பார்த்தார். 1982ல் பட்டம் வாங்கியதும் அங்கேயே முழு நேரம் சேர்ந்துவிட்டார். அவருடைய அப்பா முரோரான் நகர மேயர். நல்ல கல்லூரியில் படித்த மகன், யாருக்கும் பெயர் தெரியாத கம்பெனியில் கேம் எழுதப் போகிறான் என்றதும் ஆறு மாதம் மகனோடு பேசவில்லை என்று இவாடாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆரம்பத்தில் ஹால் செய்த முக்கியமான பொருள் பிசிஜி என்ற ஒரு சின்னக் கருவி. அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் திரையில் எழுத்துகள் மட்டும்தான் வரும். எழுத்தின் வடிவத்தை மாற்ற முடியாது. இந்தக் கருவியைப் பொருத்தினால், எழுத்துக்குப் பதிலாக நீங்கள் வரைந்த வடிவம் தெரியும். "ஏ" என்று அடித்தால் திரையில் ஒரு விண்கலம் வரும்! கமடோர் கம்பெனிக்காகவும் ஜூபிடர் லேண்டர் போன்ற கேம்களை எழுதிக் கொடுத்தார்கள்.

நிண்டெண்டோவின் வாசலில்

1983 ஜூலையில் நிண்டெண்டோ கம்பெனி ஃபேமிகாம் என்ற கேம் மெஷினை ஜப்பானில் வெளியிட்டது. டிவியோடு இணைத்து விளையாடுவது. அதன் சிபியு, 6502 என்ற சிப்பை அடிப்படையாகக் கொண்டது. இவாடா கடன் வாங்கி வாங்கிய பெட் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதே 6502தான். ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மொழி உண்டு. அந்த மொழியில் அவருக்கு ஏற்கெனவே பல வருடப் பழக்கம் இருந்தது. நேரே கியோட்டோவுக்குப் போய் நிண்டெண்டோவிடம் வேலை கேட்டார். கொடுத்தார்கள். 1984ல் பின்பால், கோல்ஃப், எஃப்1 ரேஸ், 1985 ஜனவரியில் பலூன் ஃபைட் என்று வரிசையாக வந்தன.

இதில் கோல்ஃப் கேம்தான் நம் பாடம். நிண்டெண்டோவுக்கு 18 ஹோல் கொண்ட முழு கோல்ஃப் மைதானமும் ஒரே கேட்ரிட்ஜில் வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் மெமரி போதாது, நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். இவாடா செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

எவ்வளவு இடம் இருந்தது தெரியுமா? புரோகிராமுக்கு 16 கேபி, படங்களுக்கு 8 கேபி. மொத்தம் 24 கேபி. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடில், யூடிஎஃப்-8 முறையில் டைப் செய்து சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். கட்டுரை 24 கேபியைத் தாண்டிவிடும். செல்போனில் எடுக்கும் ஒரு ஃபோட்டோ 3 எம்பி என்றால், அந்த ஒரு ஃபோட்டோவின் இடத்தில் இந்த கோல்ஃப் கேமை நூறு முறைக்கு மேல் வைக்கலாம். விளையாடும்போது பயன்படுத்த ஃபேமிகாமில் இருந்த ராம் வெறும் 2 கேபி.

எப்படி அடைத்தார்? தகவலைச் சுருக்கி வைக்கும் முறையைத் தானே எழுதினார். அவர் எழுதிய முறையின் உள் விவரத்துக்குள் போகாமல், சுருக்குதல் என்றால் என்ன என்று மட்டும் பார்ப்போம். கோல்ஃப் மைதானத்தின் படத்தில் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். புல், புல், புல் என்று 40 முறை வந்து பிறகு மணல் மூன்று முறை வருகிறது. இதை 43 இடங்களில் எழுதாமல் "புல் 40, மணல் 3" என்று எழுதினால் நான்கே இடம் போதும். திரையில் காட்டும்போது மறுபடி விரித்துக்கொள்ளலாம். நீங்கள் இமெயிலில் அனுப்பும் ஜிப் ஃபைலின் அடிப்படைக் கருத்தும் இதுதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கமாகச் சொல்வது.

இதை இப்போதே செய்து பார்க்கலாம். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து 1000க்கு 800 புள்ளி அளவில் ஒரு வெற்றுப் பக்கம் எடுங்கள். எதுவும் வரையாமல் 24-பிட் பிட்மேப் ஆகச் சேமியுங்கள். ஃபைல் சுமார் 2.4 எம்பி இருக்கும். வெறும் வெள்ளைக்கு இவ்வளவா என்று தோன்றும்! ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் வீதம் "வெள்ளை, வெள்ளை" என்று எட்டு லட்சம் முறை எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அந்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ஜிப் ஆகச் சுருக்குங்கள். சில கேபிதான் மிஞ்சும். அடுத்ததாக ஒரு ஜேபெக் ஃபோட்டோவை ஜிப் செய்து பாருங்கள். அளவு குறையவே குறையாது. ஏனென்றால் ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிவது போல.

பலூன் ஃபைட்டிலும் ஒரு விஷயம் கற்றுக்கொள்ளலாம். பலூன் கட்டிக்கொண்டு பறக்கும் மனிதன், கையைத் தட்டினால் மெதுவாக மேலே எழும்ப வேண்டும். ஆனால் திரை புள்ளிகளால் ஆனது. அரைப் புள்ளி நகர முடியாது. இவாடா என்ன செய்தார் என்றால், திரையில் முழுப் புள்ளியைக் காட்டினாலும் கணக்கில் பின்னத்தையும் வைத்துக்கொண்டார். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரில் கடைசி எண் மட்டும் பத்தில் ஒரு பங்காக ஓடுமே, அப்படி. பின்னம் சேர்ந்து சேர்ந்து ஒன்றானதும் மனிதன் ஒரு புள்ளி நகர்வான். இதனால் வீட்டு மெஷினில் ஓடிய பலூன் ஃபைட், அதே கேமின் ஆர்கேட் வடிவத்தைவிட வழவழப்பாக இருந்தது. ஆர்கேட் வடிவத்தை எழுதியவர்கள் இது எப்படி என்று கேட்டார்கள். அவரும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மாரியோ தண்ணீருக்குள் நீந்தும் காட்சி இந்த முறையில் எழுதப்பட்டதுதான். மாரியோவைத் தெரியாதவர் இல்லை. நீந்தும் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் குறைவு.

150 கோடி யென் கடன்

ஒப்பந்த வேலையில் பெயரும் வராது, பெரிய லாபமும் வராது. சொந்தமாகக் கேம் வெளியிட்டால் இரண்டும் வரலாம், ஆனால் விற்காவிட்டால் நஷ்டம் முழுக்க நம் தலையில். ஹால் பெரிதாக வளர ஆசைப்பட்டது. யமனாஷி என்ற மாகாணத்தில் புதிய இடம் கட்டியது. கேம்களை அவசர அவசரமாக எழுதித் தள்ளியது. 1992ல் கம்பெனி திவால் நிலைக்கு வந்துவிட்டது. கடன் 150 கோடி யென்.

நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி உதவ ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, இவாடா தலைவராக வேண்டும். புரோகிராம் எழுதுவது ஒன்றே தெரிந்த 33 வயது இவாடா, 1993ல் தலைவரானார். முதலில் அவர் செய்தது, கம்பெனியில் இருந்த அத்தனை பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசியது. கடனை வருடத்துக்கு 25 கோடி யென் வீதம் ஆறு வருடத்தில் கட்டி முடித்தார்கள்.

கைகொடுத்தது ஒரு உருண்டை. மசஹிரோ சகுராய் என்ற இளைஞர், கேம் பாய்க்காக எழுதிய கேமில் தற்காலிகமாக வைத்திருந்த உருண்டைப் பொம்மைதான் பிறகு கிர்பி ஆனது. ஹால் அதை ட்விங்கிள் போப்போ என்ற பெயரில் சொந்தமாக வெளியிட இருந்தது. 26,000 ஆர்டரும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ, இன்னும் கொஞ்சம் திருத்தினால் மிக நன்றாக வரும் என்றார். வந்த ஆர்டரை ரத்து செய்தார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது இப்படிச் செய்ய எவ்வளவு தைரியம் வேண்டும்! திருத்தி, பெயர் மாற்றி 1992 ஏப்ரலில் நிண்டெண்டோ வழியாக வந்த அந்தக் கேம் 50 லட்சத்துக்கு மேல் விற்றது.

கீபோர்டு அடிக்கச் சிரமப்படும் வாசகர்களுக்கு ஒரு ஆறுதல். இந்தக் கிர்பி கேமை எழுதிய மெஷினில் கீபோர்டே கிடையாது. ட்வின் ஃபேமிகாமும் ஒரு டிராக்பாலும்தான். பந்தை உருட்டி உருட்டி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து எழுதியதாக சகுராய் 2017ல் சொன்னார். இளம் வயதில் அவர் வேறு எதையும் பார்க்காததால், எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

என்னைக் கேட்டால், ஹால் கதையில் மதர் 2 பகுதியைத்தான் புதியவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்பேன். எழுத்தாளர் ஷிகெசாடோ இடோய் உருவாக்கிய இந்தக் கேம், நாலு வருடம் இழுத்தும் முடியவில்லை. உதவிக்கு வந்த இவாடா இரண்டு வழிகளைச் சொன்னார். இருப்பதைத் திருத்தினால் இரண்டு வருடம் ஆகும். முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம் ஆகும். கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அவர் கேமை எழுதுவதற்கு முன், மற்றவர்கள் வேகமாக வேலை செய்ய உதவும் கருவிகளை முதலில் எழுதினார். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடிந்தது. சொன்னபடி ஆறு மாதத்தில் முழுவதும் ஓடியது. மெருகேற்ற மேலும் ஆறு மாதம். 1994 ஆகஸ்டில் வெளிவந்தது. ஒட்டுப்போட்ட எக்செல் ஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் முழுக்கப் போராடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலைவரான பிறகும் அவர் கை புரோகிராமை விடவில்லை. போகிமான் சண்டைக் காட்சிகளை நிண்டெண்டோ 64 மெஷினுக்கு மாற்ற வேண்டியிருந்தபோது, விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல் மூலப் புரோகிராமை மட்டும் படித்து ஒரு வாரத்தில் மாற்றினார். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமின் முதல் மாதிரியை சகுராய் திட்டமிட, வார இறுதிகளில் எழுதியவரும் இவர்தான். அது 1999 ஜனவரியில் வெளிவந்தது.

2000ல் இவாடா நிண்டெண்டோவுக்குப் போனார். 2001ல் அடுத்த ஸ்மாஷ் கேம் பிழைகளால் குறித்த தேதிக்கு வராதோ என்ற நிலை வந்தபோது, யமனாஷிக்கே திரும்பி வந்து மூன்று வாரம் உட்கார்ந்து பிழை திருத்தினார். புரோகிராமராக அவர் செய்த கடைசி வேலை அது. 2002ல் நிண்டெண்டோவின் தலைவரானார். யமவுச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர் அவர். 2015 ஜூலை 11ல் 55 வயதில் காலமானார். ஹால் கம்பெனி இன்றும் கிர்பி கேம்களை எழுதிக்கொண்டிருக்கிறது. இப்போது பெட்டியில் பெயரும் இருக்கிறது.

2017ல் நிண்டெண்டோ ஸ்விட்ச் வெளிவந்தபோது அதன் உள்ளே யாருக்கும் சொல்லாமல் ஒரு கேம் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மெஷினின் கடிகாரம் ஜூலை 11 என்று காட்டும் நாளில், இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பிடித்துக்கொண்டு, இவாடா தன் வீடியோக்களில் செய்யும் கை அசைவைச் செய்தால் அது திறக்கும். திறந்தது 1984ன் கோல்ஃப். பின்னர் வந்த ஒரு அப்டேட்டில் அதை நீக்கிவிட்டார்கள்.